வைர மெஷின்காரம்மா

'தெரியாது' என்ற வார்த்தையைச் சொல்லாமலே எழுபத்தோரு வயது வரைக்கும் வந்தவன் நான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டேன். ரிக் வண்டியில் ராடு தூக்கினேன், டிரில்லரானேன், கடைசியில் மூன்று ரிக் வண்டிக்கு முதலாளியானேன். போர் போடுகிற தொழிலில் 'தெரியாது' என்று சொல்கிறவனை எவன் தோட்டத்துக்குக் கூப்பிடுவான்? எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்டால், ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஒரு அடியைச் சொல்ல வேண்டும். தண்ணீர் வந்தால் அது நம் வாக்கு. வராவிட்டால் அவன் நேரம்.

அப்படிப்பட்ட என் இடத்துக்குத்தான், அந்த வார்த்தையை வணக்கம் சொல்வது மாதிரிச் சொல்லித் திரிகிற ஒரு அம்மிணி குடிவந்தது. எங்கள் பக்கத்தில் பிரியமான பெண்பிள்ளையை 'வந்தது, போனது' என்றுதான் சொல்வோம். மரியாதைக் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயரை எழுதவில்லை. எழுதினால், "நான் இப்படிச் சொன்னேனான்னு எனக்கே தெரியலைங்கய்யா, ஒருக்கா சரிபார்த்துக்கலாங்களா?" என்று போன் வரும். அந்தத் தொல்லை இந்த வயதில் எதற்கு?

திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எனக்கு ஒரு வண்டிப் பட்டறை. பின்னால் பாறையைத் துளைக்கிற பிட்டு, ராடு அடுக்கிவைக்க ஒரு கல் அறை. கீழே எங்கள் வீடு, மாடியில் வாடகைக்கு ஒரு வீடு. நாலு மாநிலத்துக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவனுடைய இந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அடியில் முழுக்க ஒரே பாறை. வாரம் இரண்டு டேங்கர் வரும். அதுவும் வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வரச் சொல்லுவேன்.

பக்கத்துத் தனியார் இன்ஜினியரிங் காலேஜில் பௌதிகம் நடத்துகிற அம்மிணி அது. ஆராய்ச்சி செய்ய அரசாங்கம் மெஷின் வாங்கப் பணம் கொடுத்திருந்தது. காலேஜ் கொடுத்த அறைக்கோ பின்சுவரிலேயே ஜெனரேட்டர். ஆடாத இடம் தேடிக்கொண்டு என் கல் அறைக்கு வந்தது. ஒரு சின்னப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ரூம் பிடிச்சிருக்குதா என்று கேட்டேன்.

"தெரியலைங்கய்யா. நாளைக்கும் வந்து ஒருக்கா பாக்கறேன்."

நாலு நாள் வந்தது. நாலாவது நாள்தான், "உங்க பாறை அருமையான பாறைங்க. ஆடவே மாட்டேங்குது" என்றது. என் வறண்ட பாறையைப் புகழ்ந்த முதல் ஆள். தெரிந்துதான் இந்த இடமாகப் பார்த்து வாங்கினேன் என்று சொல்லிவைத்தேன். மெஷின் கல் அறைக்கு வந்தது, அம்மிணி மாடி வீட்டுக்கு வந்தது.

அந்த அறையில் அம்மிணி என்ன செய்தது என்று என்னைவிடத் தெளிவாகச் சொல்ல அந்தக் காலேஜிலேயே ஆள் கிடையாது. ஆகையால் நானே சொல்கிறேன். வைரம் என்பது என்ன? கரி அணுக்கள் வரிசை பிசகாமல் கைகோத்து நிற்பது. அதில் ஒரு கரியின் இடத்தில் நைட்ரஜன் வந்து உட்கார்ந்துவிடும். அதை ஒட்டின இடம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடத்தில் ஒரு எலக்ட்ரான். அது ஒரு குட்டிக் காந்தம். அதன் மேல் பச்சை லேசர் அடித்தால் சிவப்பு வெளிச்சம் தரும். காந்தம் ஒரு நிலையில் நின்றால் வெளிச்சம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், இன்னொரு நிலையில் நின்றால் கொஞ்சம் மட்டு. அவ்வளவுதான் சங்கதி. ஒரே ஒரு எலக்ட்ரான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, அறை நிறையக் கண்ணாடியும் வயரும், வெளியே இரண்டு ஏ.சி.யும்.

அதிலும் ஒரு தடவை கேட்டால் அந்த எலக்ட்ரான் பதில் சொல்லாது. ஒரு தடவைக்கு ஒரு பொட்டு வெளிச்சம்கூட முழுசாகத் தேறாதாம். அதே கேள்வியை லட்சம் தடவை, பத்து லட்சம் தடவை கேட்டு, வந்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தால்தான் ஒரு கோடு எழும்பும். அந்தப் பழக்கம் அம்மிணிக்கு ரத்தத்திலேயே ஏறிவிட்டது. பால்காரரிடம், "நேத்துப் பாலும் இதே மாட்டுப் பாலுங்களா?" என்று கேட்கும். மறுநாளும் கேட்கும். அவர் மூன்றாவது வாரம் எங்களுக்கும் சேர்த்துப் பாலை நிறுத்திவிட்டார்.

என் சம்சாரம் ஒருநாள் தன் வைரத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து, "நல்ல கல்லான்னு பாத்துச் சொல்லு சாமி" என்றாள். ஊரில் எந்த நகைக்கடைக்காரனும் அரை நிமிஷத்தில், அக்கா இது மாதிரி இப்போ வர்றதே இல்லை என்று சொல்லியிருப்பான். அம்மிணி அதைக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து, "நல்லதான்னு தெரியலைங்கம்மா. எனக்கு வேண்டிய கோளாறு இதுல இல்லை" என்று திருப்பிக் கொடுத்தது. சம்சாரத்துக்கு அது புகழ்ச்சியா, இகழ்ச்சியா என்று இன்றுவரைக்கும் பிடிபடவில்லை.

காலேஜ் தாளாளர் ஒருமுறை யாரோ பெரிய மனிதரைக் கூட்டிக்கொண்டு அறையைக் காட்ட வந்தார். சால்வை, பூச்செண்டு, போட்டோக்காரர் எல்லாம் தயார். இது உலகத்திலேயே முதல் முறை என்று தாளாளர் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அம்மிணி நடுவில் புகுந்து, இல்லைங்க, இதை எத்தனையோ இடத்தில் எப்போதோ செய்துவிட்டார்கள், நான் அதைத் திரும்பச் செய்து வருகிறதா என்று பார்க்கிறேன் என்றது. அப்படியானால் எப்போது வரும் என்று பெரிய மனிதர் கேட்டார். தெரியாதுங்க என்றது. அவர் சால்வையைத் தாளாளருக்கே போர்த்திவிட்டுப் போனார். அந்த வருஷம் அம்மிணிக்குச் சம்பள உயர்வு கிடையாது. அதன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஆறு மாதம் என்று ஒரு தேதி சொல்லியிருப்பேன். தேதிக்கு என்ன, அது பாட்டுக்குப் போகும்.

இனிமேல் சொல்லப்போவதில் என் பங்கும் இருக்கிறது.

ஒருநாள் காலையில் அம்மிணி கையில் ஒரு தாளோடு வந்தது. மூன்று நாளாகக் கோடு இடம் மாறி நிற்கிறதாம். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டது. ரிக் வண்டி நிற்கிறது, ராஜஸ்தானிலிருந்து மூன்று நாளைக்கு முன்னால்தான் வந்தது என்றேன். வேறு ஆளாக இருந்தால், கண்டுபிடித்துவிட்டேன், உங்கள் வண்டிதான் என்று குதித்திருப்பான். இது, "தெரியலைங்கய்யா. வண்டிய வெளிய எடுத்துட்டு ஒருக்கா பாக்கலாங்களா?" என்றது.

எடுத்தோம். கோடு பழைய இடத்துக்குப் போனது. போதுமா? போதவில்லை. உள்ளே விடச் சொன்னது, மறுபடி எடுக்கச் சொன்னது. அன்று சாயங்காலத்துக்குள் அத்தனை பெரிய வண்டி நாற்பது தடவை உள்ளே வந்து வெளியே போனது. டிரைவர் கடைசியில் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, "ஏனுங் முதலாளி, இந்தம்மா என்ன எனக்கு லைசென்ஸ் டெஸ்டா வெக்குது?" என்று கேட்டான். நாற்பதாவது தடவைக்கு அப்புறம்தான், இரும்பால்தான் இருக்கணும் என்று அம்மிணி ஒப்புக்கொண்டது. அதுவும் 'இருக்கணும்'தான்.

எனக்கோ முதல் தடவையிலேயே பொறி தட்டிவிட்டது. ரெண்டடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற லாரியை ஒரு எள்ளளவு வைரம் கண்டுபிடிக்கிறது என்றால், பாறைக்கு அந்தப் பக்கம் ஓடுகிற தண்ணீரைக் கண்டுபிடிக்காதா? தேங்காயைக் கையில் படுக்கவைத்து அது எழுந்து நிற்கிற இடத்தில் போர் போடச் சொல்கிறான் ஒருவன். வேப்பங்கவட்டைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான் இன்னொருவன். என்னிடம் வைரம், லேசர், அரசாங்கப் பணத்தில் வாங்கின மெஷின். அறைக் கதவு திறந்திருந்தபோது பச்சை வெளிச்சத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டேன்: 'வைர மெஷின் மூலம் நீரோட்டம் பார்த்து போர் போடப்படும்.'

அம்மிணியிடம் இதைக் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

போன் ஓயவில்லை. ஓமலூரிலிருந்தும் எடப்பாடியிலிருந்தும் கூப்பிட்டார்கள். ஜேடர்பாளையத்தில் ஆற்றங்கரையிலேயே தோட்டம் வைத்திருக்கிறவன்கூடக் கூப்பிட்டான். நேரில் வந்தவர் முத்துசாமி. ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரர். காடு என்றால் எங்கள் பக்கத்தில் விவசாய நிலம். ஏற்கெனவே அவர் காட்டில் என் வண்டியே இரண்டு போர் போட்டிருந்தது. ஒன்று தேங்காய் சொன்ன இடம், இன்னொன்று வேப்பங்கவட்டை சொன்ன இடம். இரண்டிலும் ஆயிரம் அடிக்கு வெறும் புழுதி. தென்னையெல்லாம் மட்டை தொங்கிப்போய் நிற்கிறது. கட்டுத்தரையில் இருந்த மாடுகள் ஒவ்வொன்றாக விலைக்குப் போய், மிஞ்சினது இரண்டு. மூன்றாவது போருக்கு அந்த இரண்டையும் கொடுத்துவிட வேண்டும். அதுவும் புழுதியானால், காட்டைப் போட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் கூலிக்குத் தறி ஓட்டப் போக வேண்டியதுதான். இதையெல்லாம் அவர் அழாமல்தான் சொன்னார். கடைசியாக, "அந்தம்மா ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்ணா. போட்டர்றேன்" என்றார்.

அவரை உட்காரவைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். அம்மிணியின் அறை பூட்டியிருந்தது, காலேஜுக்குப் போயிருந்தது. அங்கேயே ஒரு பீடியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, "அம்மிணி பாத்திருச்சுங்க. வடமேற்கு மூலை. நானூறு அடிக்குள்ள" என்றேன்.

ஏன் சொன்னேன்? அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால் சொன்னேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். அதுவும் கொஞ்சம் உண்டு. வண்டி இரண்டு வாரமாகச் சும்மா நின்றது என்பது மீதி.

நாள் குறித்தோம். போகிற அன்று காலையில் முத்துசாமியின் சம்சாரம் சரசு, முதல் பஸ் பிடித்துப் பட்டறைக்கே வந்துவிட்டாள். ஒரு தட்டில் வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும். நேராக மாடிப்படி ஏறி, தண்ணி இருக்கிற இடத்தைச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க, நீங்களே வந்து உங்க கையால கற்பூரம் பத்தவெக்கணும் என்று அம்மிணியை அழைத்தாள். நான் கீழே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது உண்மையை உடைத்துவிடப்போகிறது என்று நினைத்தேன். அம்மிணி மாடியிலிருந்து எட்டி என்னை ஒருதரம் பார்த்தது. அப்புறம், "நான் உங்க காட்டப் பாத்ததே இல்லைங்க்கா. வாரேன், வந்து பாக்கறேன்" என்றது.

காரில் மூன்று பேரும் போனோம். வழியெல்லாம் அம்மிணி சரசுவிடம் கேட்டுக்கொண்டே வந்தது. முதல் போரில் ஈரம் எத்தனை அடியில் தட்டியது? பழைய கிணறு எந்த வருஷம் வற்றியது? சங்ககிரி தாண்டினதும் அதையே மறுபடி கேட்டது. சரசு இரண்டு தடவையும் வேறு வேறு பதில் சொன்னாள். என் பக்கம் அம்மிணி திரும்பவே இல்லை.

காட்டில் வண்டி வடமேற்கு மூலையில் நின்றது. ஜாக்கி இறக்கி, மஞ்சள் பூசி, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரத் தட்டும் தயார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர், வைர மெஷின் சொன்ன தண்ணீரைப் பார்க்க வந்திருந்தார்கள். கம்பரசரை ஓட்ட டிரைவர் என் கையசைப்புக்குக் காத்திருந்தான். சரசு தட்டை நீட்டினாள். அம்மிணி வாங்கவில்லை.

"நான் இந்த எடத்தச் சொல்லலைங்க" என்றது. "எனக்குத் தெரியாது."

யாரோ சிரித்தார்கள். முத்துசாமி என்னைப் பார்த்தார். அம்மிணிக்குக் கூச்சம், பெரியவர்கள் முன்னால் அப்படித்தான் பேசும் என்று சமாளித்தேன்.

அதற்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "இங்க தண்ணி இருக்கலாம், இல்லாமயும் போகலாம். அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா என் மெஷினுக்குப் பாறைக்குள்ள இருக்கிற தண்ணி தெரியாதுங்கறது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

என் தொழிலில், ஒரு பட்டப்பகலில், என் வண்டிக்கு முன்னால். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், ஒருவன் கல்லைக்கூட விட்டெறிந்தான். அதெல்லாம் எனக்கு உறைத்ததே இல்லை. அம்மிணி என்னைத் திட்டவில்லை. பொய் சொன்னார் என்றுகூடச் சொல்லவில்லை. தனக்குத் தெரியாததை மட்டும் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றது. கற்பூரத் தட்டைப் பிடித்தபடி நின்ற சரசுவுக்குத்தான் கோபம் வந்தது.

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"ஆமாங்க்கா."

சரசு தட்டைக் கீழே வைத்தாள். மூடிக் கிடந்த இரண்டு போர்க் குழாய்களையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு புருஷனிடம்தான் பேசினாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"தெரியும்னு சொன்னவங்களையெல்லாம் நம்பித்தான் ரெண்டு குழி போட்டோம். தெரியாதுன்னு சொல்ல ஒருத்தர் மெனக்கெட்டு வந்திருக்காங்க. வண்டியத் திருப்பச் சொல்லுங்க."

முத்துசாமி, "கற்பூரம் வரைக்கும் வந்துட்டுத் திருப்பினா ஆகாதுடி" என்றார். போட்டு ஆகாமல் போனதற்கு இது தேவலாம் என்றாள் அவள். மறுபேச்சு இல்லை. பூஜை போட்ட இடத்திலிருந்து என் வண்டி பிட்டு இறக்காமல் திரும்பினது அன்று ஒருநாள்தான்.

திரும்பி வருகையில் காரில் நானும் அம்மிணியும் மட்டும். நான் வாயைத் திறக்கவில்லை. அது என் வாழ்க்கையில் பெரிய சாதனை. என் சம்சாரத்தைக் கேட்டால் சொல்வாள். பட்டறை வந்ததும் அறையைக் காலி பண்ணு என்று சொல்வதற்காகத் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் அம்மிணி, "ஏனுங்கய்யா, அந்தப் போட்டோவ எடுத்துருங்க" என்றது. எடுத்துவிட்டேன். காலி பண்ணச் சொல்வது அப்படியே நின்றுபோயிற்று. பழைய மாதிரி என்னோடு உட்கார்ந்து டீ குடிக்க மட்டும் அது அப்புறம் வரவில்லை. வாடகையை மாடிப்படியிலேயே சம்சாரத்திடம் கொடுத்துவிட்டுப் போய்விடும். நானும் போய்க் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம்.

அடுத்த வருஷம் காலேஜில் அதன் வேலை புதுப்பிக்கப்படவில்லை. வடக்கே ஏதோ ஆராய்ச்சி நிலையத்தில் வாங்கிக்கொண்டார்கள். சாமான் ஏற்றின அன்று என் பாறையைக் குனிந்து ஒருதரம் தொட்டுப் பார்த்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த எலக்ட்ரான் கடைசியில் பதில் சொன்னதா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். அதன் இடத்தில் வந்த வாத்தியார் எதைக் கேட்டாலும் தெரியும் என்கிறாராம். காலேஜில் எல்லோருக்கும் அவரைப் பிடித்திருக்கிறது.

போன மாதம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போனவன், அங்கிருந்து வண்டியை ஜலகண்டாபுரத்துப் பக்கம் விடச் சொன்னேன். தென்னை ஒன்று மிஞ்சவில்லை. முத்துசாமி தறி ஓட்டத்தான் போகிறார். அது தப்பவில்லை. ஆனால் காடு அவர்களிடமே இருக்கிறது, மாடு இரண்டும் இருக்கிறது. மழைக்கு விதைத்த நிலக்கடலையை சரசு களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாங்கண்ணா என்றாள். அந்தம்மா சௌக்கியமா என்று கேட்டாள். சௌக்கியம் என்றேன்.

எத்தனை ஆயிரம் குழி போட்டிருப்பேன் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. ஒன்றையும் இப்போது போய் அடையாளம் காட்டச் சொன்னால் காட்ட முடியாது. போடாத அந்த ஒரு குழி இருக்கிற இடத்துக்கு மட்டும் கால் தானாகப் போய் நின்றது. வடமேற்கு மூலை. முளைக்குச்சி அடித்து ஒரு ஆட்டைக் கட்டியிருந்தாள். பின்னாலேயே வந்தவளிடம், இங்கே போட்டுப் பார்த்திருக்கலாம் என்று உனக்குத் தோன்றுவதில்லையா என்று கேட்டுவிட்டேன்.

"தோணுதுங்ணா. தெனமும் தோணுது" என்றாள். "ஆனா இந்தக் காட்டுல நாங்க ஏமாறாத எடம் இது ஒண்ணுதானுங்க."

ஏமாற்றினவன் பக்கத்தில்தான் நிற்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். வெயில் ஏறிவிட்டது, மோர் குடிக்கிறீங்களா என்று கேட்டாள். கொடு என்றேன்.